‘வேண்டாம்’ என்னும் குழந்தைக்கு வீட்டுத் தின்பண்டம்

“இவன் எதையுமே சாப்பிடுவதில்லை.” குழந்தைகள் புறநோயாளர் பிரிவில் எமது காதில் நாள்தோறும் விழும் வாக்கியம் இது. எளாவூரிலிருந்தும், அதற்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியை ஒட்டிய சிற்றூர்களிலிருந்தும் வரும் தாய்மார் இதனைச் சொல்லும்போது அவர்தம் குரலில் கவலையோடு சிறிது குற்றவுணர்வும் கலந்திருக்கும். காலை முதல் இரவு வரை அக்குழந்தையின் வாய்க்குள் சென்றவை யாவை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினால் வேறொரு கதை வெளிப்படும். விடியலில் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும். ஒன்பது மணிக்கு இட்லியில் பாதி. பத்தரை மணிக்குப் பெட்டிக்கடையில் ஒரு பொட்டலம். நண்பகலில் நான்கு வாய்ச் சோறு. பிறகு இன்னொரு பொட்டலம், ஒரு மிட்டாய், மாலையில் மீண்டும் தேநீர். உண்மையில் இக்குழந்தை உண்ணாமல் இல்லை. நாள் முழுவதும் உண்டுகொண்டே இருக்கிறது. வயிறு நிறைகிறது, உடல் நிறையவில்லை.

இவ்விதழின் பாடம் இத்தகைய குழந்தைக்கு வீட்டிலேயே குறைந்த செலவில் செய்துதரக்கூடிய தின்பண்டங்களைப் பற்றியது. தின்பண்டம் என்றவுடன் அதனைத் தவிர்க்க வேண்டிய ஒன்றாகக் கருதும் பழக்கம் பலரிடம் உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இக்கருத்து பொருந்தாது. சிறு வயிறு மூன்று வேளை உணவில் நாளுக்கு வேண்டிய அனைத்தையும் ஏற்றுக்கொள்ள இயலாது. மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு சிற்றுணவும் அதற்குத் தேவை. ஆகவே, அந்த இரண்டு சிற்றுணவாக எவற்றைத் தருகிறோம் என்பதில்தான் நாம் கருத்தைச் செலுத்த வேண்டும்.

பசி குறைவது எப்போது இயல்பு

மூன்று கிலோ எடையுடன் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளில் ஏறத்தாழ ஒன்பது கிலோவாக இருக்கும். இரண்டாம் ஆண்டில் அது கூடுவது இரண்டு முதல் இரண்டரைக் கிலோ மட்டுமே. அதன்பின் ஆண்டுக்குச் சுமார் இரண்டு கிலோ. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியும் தணிவது இயற்கை. ‘ஒரு வயது வரை நன்றாகச் சாப்பிட்டான், அதற்குப் பிறகுதான் கெட்டுப்போனான்’ என்று ஆயாக்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே. இதே பருவத்தில், ஏறக்குறைய இரண்டு வயது தொடங்கி ஆறு வயது வரை, புதிய உணவைக் கண்டால் ஒதுங்கும் குணமும் குழந்தைகளிடம் தோன்றுகிறது. தவழ்ந்து நடந்து தானே கைக்கு எட்டியதை வாயிலிடத் தொடங்கும் வயதில் அறியாததை மறுப்பது ஒருவகைத் தற்காப்பு என்று அறிஞர்கள் கருதுகின்றனர். எனவே, மறுப்பு என்பது நோயன்று. பெரும்பாலும் பிடிவாதமும் அன்று.

இங்கே ஒரு பழைய ஆய்வை நினைவுகூர்வது பயன்தரும். கிளாரா டேவிஸ் என்னும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர், தாய்ப்பால் மறந்த குழந்தைகள் தாமே உணவைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சோதித்து, முதல் முடிவுகளை 1928-ஆம் ஆண்டு வெளியிட்டார். பின்னர் மொத்தம் 15 குழந்தைகளுக்கு 34 வகை உணவுகள் கொண்ட பட்டியலிலிருந்து ஒவ்வொரு வேளையும் சிலவற்றைத் தட்டில் வைத்து, எதனையும் வற்புறுத்தாமல் விட்டனர். குழந்தைகள் ஒரு வேளை முட்டையாகவே உண்டன. ஒரு வேளை பழத்தைத் தவிர வேறொன்றையும் தொடவில்லை. பார்ப்பவர்க்கு அது முறையற்ற உணவாகவே தோன்றியது. ஆயினும் அவை யாவும் நன்கு வளர்ந்தன. இதிலிருந்து ‘குழந்தைக்குத் தன் தேவை தெரியும், விரும்பியதைத் தரலாம்’ என்று முடிவுகட்டுவோர் உளர். டேவிஸ் அவ்வாறு சொல்லவில்லை. சூட்சுமம் அந்தப் பட்டியலில் இருந்தது என்று அவரே விளக்கினார். அந்த 34-இல் சர்க்கரை இல்லை, இனிப்புப் பண்டம் இல்லை, கடைப் பொட்டலம் இல்லை. எதை எடுத்தாலும் நல்லுணவு. எவற்றை வீட்டில் வைத்திருப்பது என்பது பெரியவர்களின் பொறுப்பு. அவற்றுள் எதை, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை. இந்த எல்லையை மறந்துவிட்டால் இனி நாம் சொல்லப்போகும் செய்முறைகள் எவையும் பயன்தரா.

பெட்டிக்கடைக் கணக்கு

ஏரிக்கரைக் குடும்பங்களின் நாள் பிற ஊர்களைப்போல் அமைவதில்லை. ஆண்கள் இருள் பிரியுமுன் படகேறுகின்றனர். பெண்களில் பலர் மீனைக் கூடையிலெடுத்து விற்கச் செல்கின்றனர். குழந்தை ஆயாவின் பொறுப்பில் இருக்கிறது. அழும் பேரக்குழந்தைக்கு ஐந்து ரூபாயை எடுத்துக் கொடுப்பதைத் தவிர முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டிக்கு எளிதான வழி வேறில்லை. அவரைக் குறை கூறுவது முறையாகாது. ஆனால் கணக்கை மட்டும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பொட்டலத்தின் பின்புறம் எடை அச்சிடப்பட்டிருக்கும். ஐந்து ரூபாய்ப் பொட்டலத்தில் 12 கிராம் பண்டம் இருக்குமானால் ஒரு கிலோவின் விலை 400 ரூபாயைத் தாண்டுகிறது. அந்த விலைக்கு நமக்குக் கிடைப்பது மாவு, எண்ணெய், உப்பு, சுவையூட்டி. நாளுக்கு மூன்று பொட்டலம் என்றால் மாதம் 450 ரூபாய். வேர்க்கடலை கிலோ 140, பொட்டுக்கடலை 120, வெல்லம் 70, கேழ்வரகு 50 என்று கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ வாங்கினாலும் 380 ரூபாய்தான் ஆகிறது. மீதமுள்ள 70 ரூபாய்க்கு ஏறத்தாழப் பத்து முட்டைகள். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் சற்று மாறலாம். ஆனால் இரு பக்கங்களுக்கும் இடையிலுள்ள தூரம் அவ்வளவு எளிதில் மாறாது.

‘மொத்தமாக வாங்கக் கையில் பணம் இருந்தால்தானே’ என்னும் கேள்வி நியாயமானது. பழவேற்காடு ஏரியில் வழிவழியாக நிலவும் பாடு முறைப்படி மீன்பிடி இடங்கள் முறைவைத்துப் பகிரப்படுவதால், வருமானமும் முறைவைத்தே வருகிறது. ஒரு நாள் பணம் புழங்கும். அடுத்து வரும் நாள்கள் வறண்டிருக்கும். கடலுக்குச் செல்லும் விசைப்படகுகளை நம்பியவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலமும் உண்டு. ஆகவே பாடு கிடைத்த நாளிலேயே வேர்க்கடலை, பொட்டுக்கடலை, வெல்லம், கேழ்வரகு ஆகிய நான்கையும் வாங்கி இறுக மூடும் டப்பாக்களில் வைத்துவிடுமாறு கூறுகிறோம். இவை கெடாமல் இருக்கும். மீனும் காய்கறியும் போல் அன்றன்று வாங்க வேண்டியதில்லை. கையில் பணமில்லாத நாளில்தான் பொட்டலத்தின் ஐந்து ரூபாய் மலிவாகத் தோன்றும். அந்நாளில் டப்பா நிறைந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு அருகிலேயே இலவசமாகக் கிடைப்பவற்றையும் மறத்தல் கூடாது. அங்கன்வாடி மையத்தில் தரப்படும் சத்துமாவு, கோதுமை, மக்காச்சோளம், முளைகட்டிய கேழ்வரகு, கடலை, வெல்லம் முதலியவை சேர்த்துச் செய்யப்படுவது. பல வீடுகளில் அந்தப் பொட்டலம் பிரிக்கப்படாமலே பரணில் கிடப்பதை நாம் அறிவோம். கஞ்சியாகக் காய்ச்சினால் குழந்தை முகஞ்சுளிக்கிறது என்பதே காரணம். அப்படியானால் கஞ்சியாகக் காய்ச்ச வேண்டாம்.

கொட்டாம்பட்டியில் தொடங்கிய உருண்டை

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமன்று. 1980-இல் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்தார்கள். எடை கூடாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் தானியமும் பயறும் வெல்லமும் கலந்த உருண்டை தரப்பட்டது; குறைந்தது 90 நாள்கள். எடை தேறியதும் உருண்டை நிறுத்தப்பட்டது. அந்த உருண்டையை உள்ளூர்ப் பெண்கள் குழுக்களே பிடித்தன.

இத்திட்டத்திலிருந்து நாம் கற்பவை பல. உருண்டை வேளை உணவின் இடத்தைப் பிடிக்கவில்லை. அதற்கு மேல் கூடுதலாகத் தரப்பட்டது. அளவு சிறியது, குழந்தையின் கையிலேயே கொடுக்கலாம், சிந்தாது. எல்லாவற்றையும்விட, ‘சாப்பிட்டானா’ என்று கேட்காமல் ‘எடை கூடியதா’ என்று கேட்டார்கள். வீட்டில் நம்மிடம் இல்லாதது இந்த அளவுகோல்தான். ஆகவே மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை பார்த்து அட்டையில் குறித்துவரச் சொல்லுங்கள். தட்டில் எஞ்சிய சோற்றைப் பார்த்துக் கலங்குவதினும் அந்தக் கோட்டைப் பார்ப்பது மேல்.

செய்முறைகள்

வேர்க்கடலை உருண்டையிலிருந்து தொடங்குவோம். கால் கிலோ வேர்க்கடலையை வாணலியில் மிதமான தீயில் மணம் வரும்வரை வறுத்து, ஆறியபின் தோலை ஊதி நீக்குங்கள். 150 கிராம் வெல்லத்தைத் துருவி, கடலையோடு சேர்த்து மிக்ஸியில் விட்டுவிட்டு அரையுங்கள். கடலையிலுள்ள எண்ணெய் பிரிந்து மாவு கையில் ஒட்டத் தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். பாகு வேண்டாம், நெய் வேண்டாம். இருபது உருண்டைகள் கிடைக்கும். மேற்சொன்ன விலையில் ஓர் உருண்டைக்கு இரண்டேகால் ரூபாய் ஆகிறது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 100 கலோரி ஆற்றலும் 3 கிராம் புரதமும் உண்டு. நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு நாளுக்குச் சுமார் 16 கிராம் புரதம் போதும் என்பதை எண்ணிப் பார்த்தால், இரண்டு உருண்டைகளின் மதிப்பு விளங்கும். ஒரு கைப்பிடி வறுத்த எள் சேர்த்தால் கால்சியமும் கூடும்.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலையை எக்காரணம் கொண்டும் தரலாகாது. மூச்சுக்குழாயில் சிக்கிய கடலையுடன் நள்ளிரவில் கொண்டுவரப்படும் குழந்தைகள் எல்லா மருத்துவமனைகளுக்கும் தெரிந்தவர்கள். பாகு காய்ச்சிப் பிடிக்கும் கெட்டிக் கடலை உருண்டைக்கும் இது பொருந்தும். அதனாலேயே அரைத்துப் பிடிக்கச் சொல்கிறோம். அடுத்தது, ஏரிக்காற்றின் ஈரத்தில் கடலை எளிதில் பூஞ்சை பிடிக்கும். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அப்பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைத் தாக்கும், வறுத்தாலும் முழுதாக நீங்காது. மூன்றாவது, கடலையை முதன்முறை தரும்போது சிறிதளவே கொடுத்து, உடலில் தடிப்போ உதட்டில் வீக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றுகிறதா என்று கவனியுங்கள். தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

வெல்லத்தைப் பற்றி ஒரு சொல். வெல்லம் நல்லது, சர்க்கரை கெட்டது என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியுள்ளது. சுவையில் வெல்லத்துக்கே எமது வாக்கும். ஆனால் உடலுக்குள் சென்றபின் அதுவும் பெரும்பாலும் சர்க்கரையே. இரத்தசோகையை வெல்லத்தால் போக்கிவிடலாம் என்று நம்பி மருத்துவர் தந்த இரும்புச்சத்து மருந்தை நிறுத்த வேண்டாம். வீட்டில் நீரிழிவு உள்ளவர் இருப்பின் அவருக்கு இவ்வுருண்டை ஏற்றதன்று. குழந்தையும் உண்டபின் வாயை நன்கு கொப்பளிக்கட்டும்.

சத்துமாவை நாம் கொழுக்கட்டையாகச் செய்யச் சொல்வது வழக்கம். ஒரு கிண்ணம் மாவை வெறும் வாணலியில் லேசாக வறுத்து, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் சேர்த்து, வெந்நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துப் பிசைந்து, கையால் பிடித்து இட்லிப் பாத்திரத்தில் பத்து நிமிடம் ஆவியில் வேகவைக்க வேண்டும். மாவிலேயே வெல்லம் இருப்பதால் மேலும் இனிப்பு தேவையில்லை. பிடி கொழுக்கட்டையில் பதியும் விரல் தடங்களைக் குழந்தையே பதிக்க விடுங்கள். தான் பிடித்த கொழுக்கட்டையை மறுக்கும் குழந்தை அரிது.

இனிப்பை விரும்பாத குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குக் கேழ்வரகு அடை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உள்ளது. அரிசியில் அது மிகச் சொற்பம். ஒரு கிண்ணம் கேழ்வரகு மாவில் நறுக்கிய வெங்காயம், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, சிறிது உப்பு சேர்த்து வெந்நீரில் பிசைந்து, எண்ணெய் தடவிய இலையில் மெல்லிதாகத் தட்டித் தோசைக்கல்லில் இருபுறமும் சுட்டெடுங்கள். பச்சையாக எதைக் கண்டாலும் பொறுக்கி எடுத்து ஓரத்தில் வைக்கும் குழந்தைக்குத் தொடக்கத்தில் கீரையை அரைத்துச் சேர்க்கலாம். ஆனால் மறைத்து ஊட்டுவதையே நிலையான வழியாக நாம் ஏற்பதில்லை. கீரையை அறியாமல் விழுங்கிய குழந்தை கீரையை உண்ணக் கற்றதாகாது. என்றேனும் ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் அடையையும் சேர்த்து வெறுக்கும். இரண்டொரு வாரங்களில் அரைத்ததைக் குறைத்து, பொடியாக நறுக்கியதைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். இலை கண்ணுக்குத் தெரியட்டும்.

இனி மீன். ஏரிக்கரையில் வாழ்ந்துகொண்டு புரதத்துக்குக் கடைப்பொடியைத் தேடி அலைவதைக் காணும்போது எமக்கு வியப்பே மேலிடுகிறது. விலைபோகும் இறாலும் நண்டும் ஏலத்துக்குச் செல்லட்டும். வீட்டுக்கென எஞ்சும் சிறு மீனே போதும். ‘பிள்ளை மீன் தொடமாட்டான்’ என்பதற்குப் பெரும்பாலும் முள்ளும் வீச்சமுமே காரணம். 200 கிராம் மடவையை மஞ்சள்தூள் இட்டு வேகவைத்து, ஆறியபின் விரலால் உதிர்த்து, முள்ளை ஒன்றுவிடாமல் பொறுக்குங்கள். காரப்பொடி போன்ற பொடிமீனில் முள் மிகுதி. சிறு குழந்தைக்கு அது வேண்டாம். உதிர்த்த மீனோடு வேகவைத்து மசித்த இரண்டு உருளைக்கிழங்கு, வெங்காயம், மிளகுத்தூள், கொத்துமல்லித் தழை, சிறிது உப்புச் சேர்த்துத் தட்டையாகத் தட்டி, தோசைக்கல்லில் ஒரு கரண்டி எண்ணெயில் இருபுறமும் சிவக்க விடுங்கள். உருளைக்கிழங்கு இல்லாவிடில் மீந்த சோற்றை மசித்துச் சேர்க்கலாம். மீன் கட்லெட் என்று பெயர் சொல்லிக் கொடுங்கள். பெயருக்கும் ஒரு சுவை உண்டு. எலுமிச்சம்பழம் ஒரு சொட்டுப் பிழிந்தால் வீச்சம் அடங்கும். இதனை அன்றே உண்டு முடித்துவிட வேண்டும்.

மீன் கிடைக்காத நாளுக்குச் சென்னாக்கூனிப் பொடி. இச்சிற்றிறாலை மண் போக இரண்டு மூன்று நீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, வாணலியில் மொறுமொறுவென வறுத்து, அதன் இருமடங்கு பொட்டுக்கடலையும் இரண்டு மிளகாயும் நான்கு பல் பூண்டும் சேர்த்துப் பொடித்து வையுங்கள். சூடான சோற்றில் ஒரு தேக்கரண்டி. இதன் மணத்தை ஏரிக்கரையில் பிறந்தோர் விரும்புவர். மணமாகி வந்த மருமகள் மூக்கைப் பொத்திக்கொள்வதும் உண்டு. இறால், நண்டு ஒவ்வாத உடலுக்கு இதுவும் ஒவ்வாது. கருவாட்டைப் பொறுத்தவரை உப்பே சிக்கல். பெரியவர்க்கே நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புப் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. குழந்தைக்கு அதனினும் குறைவு. கருவாட்டை ஊறவைத்து நீரை வடித்தபின் சிறு துண்டாக, எப்போதாவது மட்டும் தாருங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்க்கு அதுவும் வேண்டாம்.

தை மாதத்தில் பனங்கிழங்கு மலிந்து கிடக்கும். நார் தொண்டையில் சிக்குகிறது என்று குழந்தைகள் துப்பிவிடுவர். வேகவைத்து, தோலையும் நடு நரம்பையும் நீக்கி, சிறு துண்டுகளாக்கி, தேங்காயும் சிறிது வெல்லமும் சேர்த்து அரைத்து உருட்டினால் அதே குழந்தை கேட்டு வாங்கி உண்ணும். சுண்டலைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை; அனைவரும் அறிந்ததே. சிறு குழந்தைக்குக் கொண்டைக்கடலையை மசித்துக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிலிருக்கட்டும்.

கொடுக்கும் முறை

செய்முறை பாதி; கொடுக்கும் முறை மீதி. உருண்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பத்து நிமிடத்துக்கு முன் தேநீர் குடித்த குழந்தை அதைத் தொடாது. எனவே முதலில் தேநீரை நிறுத்துங்கள். தேநீரிலுள்ள துவர்ப்புப்பொருள் உணவின் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அதனால் ஆகும் நன்மை ஒன்றுமில்லை. பாலும் நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் பசியைக் கெடுக்கும், இரத்தசோகைக்கும் வழிவகுக்கும். ‘சாப்பிடத்தான் மாட்டேன் என்கிறான், பாலாவது குடிக்கட்டும்’ என்று கொடுக்கும் நான்காவது தம்ளரே சாப்பிடாமைக்குக் காரணமாக இருக்கலாம்.

உணவுக்கும் சிற்றுணவுக்கும் இடையில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். காலை பத்தரைக்கு ஒன்று, மாலை நான்கு மணிக்கு ஒன்று என்று நேரம் வகுத்துவிட்டால் வீட்டிலுள்ள அனைவருக்கும் எளிது. ஆயாவிடம் இதனை மருமகள் சொல்வதினும் மகன் சொல்வது பலிக்கும் என்பது எமது அனுபவம். அவர் கையெட்டும் இடத்தில் டப்பாவை வைத்து, ‘காசுக்குப் பதில் இதைக் கொடுங்கள் அம்மா’ என்று கேட்டுக்கொண்டால் மறுக்கமாட்டார். பேரப்பிள்ளைக்குத் தம் கையால் ஏதேனும் கொடுக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். கொடுப்பது எதுவாயினும் அவருக்கு மகிழ்ச்சியே.

புதிய பண்டத்தை முதல் நாளே குழந்தை ஏற்கும் என்று எதிர்பாராதீர்கள். லியான் பர்ச் என்னும் அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் பணிபுரிந்தோரும் 1980-களிலிருந்து செய்த ஆய்வுகளின்படி, ஒரு புதிய உணவைக் குழந்தை விரும்பத் தொடங்க எட்டு முதல் பதினைந்து முறை அதனைச் சுவைக்கும் வாய்ப்புத் தேவைப்படலாம். நம் வீடுகளில் இரண்டு அல்லது மூன்று முறை மறுத்ததும் ‘அவனுக்குப் பிடிக்காது’ என்று பெயர் சூட்டிவிடுகிறோம். அந்தப் பெயர் அவன் முன்னிலையிலேயே உறவினர் அனைவரிடமும் சொல்லப்படுகிறது. பிறகு அவன் அந்தப் பெயரைக் காப்பாற்றத்தானே செய்வான்? மறுத்தால் தட்டை அமைதியாக எடுத்துவிடுங்கள். மூன்று நாள் கழித்து மீண்டும் ஒரு துண்டு வையுங்கள்.

‘இதைச் சாப்பிட்டால் மிட்டாய் தருவேன்’ என்னும் பேரம் வேண்டாம். அதே பர்ச் 1984-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பரிசு கொடுத்துக் குடிக்கவைத்த பானத்தின்மீது குழந்தைகளின் விருப்பம் கூடாமல் குறைந்தே போயிற்று. கைப்பேசியைக் காட்டி ஊட்டுவதும் இதே வகை. குழந்தைக்குத் தான் என்ன உண்டது என்பதே தெரியாமல் போகிறது. மாறாக, பிற குழந்தைகளோடு உட்காரவைத்தால் பலன் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில், வீட்டில் உப்புமாவைத் தொடாத பிள்ளை பள்ளி வரிசையில் உட்கார்ந்து தட்டைக் காலி செய்வதாகத் தாய்மார் பலர் எம்மிடம் கூறியுள்ளனர். பள்ளி செல்லாத குழந்தைக்கு அண்டைவீட்டுப் பிள்ளைகளை அழைத்து வாசலில் பாய் விரித்தாலே போதும்.

உணவை மறுப்போர் குழந்தைகள் மட்டுமல்லர். காய்ச்சலிலிருந்து எழுந்த தாத்தா, காசநோய் மருந்து உண்ணும் இளைஞர், பல் விழுந்த பாட்டி ஆகியோரும் ‘வேண்டாம்’ என்றே சொல்வர். நாவில் கசப்பு இருப்போர்க்கு இனிப்பைவிடப் புளிப்பும் காரமும் ஏற்கும். மீன் கட்லெட்டும் எலுமிச்சையும் அவர்களுக்குப் பொருந்தும். பல் இல்லாதவர்க்குக் கொழுக்கட்டையை மோரில் கரைத்துக் கொடுக்கலாம். சிறுநீரக நோயாளிகளும் நீரிழிவு உள்ளோரும் எமது உணவியல் பிரிவில் கேட்டபின்னரே இவற்றை உண்ண வேண்டும். அவர்களுக்கு அளவே வேறு.

எப்போது எம்மிடம் வரவேண்டும்

மறுப்பு இயல்பு என்று கூறினோம். எனினும் சில அடையாளங்கள் தென்பட்டால் தின்பண்டத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. இரண்டு மாதம் தொடர்ந்து எடை கூடாமை அல்லது குறைதல். மண், சுவர்ச் சுண்ணாம்பு, பல்பம், பச்சரிசி ஆகியவற்றைத் தேடித் தின்னுதல். இது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அறிகுறி. விழுங்கும்போது இருமல், புரையேறுதல். நாள்பட்ட மலச்சிக்கல்; வயிறு இறுகிய குழந்தைக்குப் பசி எடுக்காது. உள்ளங்கையும் நகமும் வெளுத்தல். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ காய்ச்சலோ இருத்தல். விரல்விட்டு எண்ணக்கூடிய நான்கைந்து உணவுகளைத் தவிர மற்ற அனைத்தையும் கண்டு அஞ்சி அலறுதல். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையின் நடுச்சுற்றளவை அங்கன்வாடிப் பணியாளர் நாடாவால் அளப்பார், அது 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் வாருங்கள், 11.5-க்குக் குறைந்தால் அன்றே வாருங்கள். ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரப்படும் குடற்புழு நீக்க மாத்திரையைத் தவறவிட்டிருந்தால் அதனையும் சொல்லுங்கள்.

வரும்போது மூன்று நாள்களுக்கு உரிய ஒரு குறிப்பை எழுதிக் கொண்டுவருவது பெரிதும் உதவும். குழந்தை உண்டது, குடித்தது, நேரம், கொடுத்தவர் யார் என்பன மட்டும் போதும். ஒரு பிஸ்கட்டையும் ஒரு வாய்த் தேநீரையும் விடாமல் எழுதுங்கள். எழுதத் தெரியாதோர் ஒவ்வொரு பொட்டலத்தின் உறையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வந்தாலும் போதும். வளர்ச்சி அட்டையோடு அந்தப் பையையும் மேசைமேல் வைத்துப் பேசத் தொடங்கலாம். கூடுமானால் குழந்தையைப் பகலில் பார்த்துக்கொள்பவரையும் உடன் அழைத்து வாருங்கள்.